வேல்ஸ் நாட்டுக் கையெழுத்து மெட்டுப் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையெழுத்து மெட்டுப் புத்தகம் என்று எதைச் சொல்கிறோம்?

வேல்ஸ் நாட்டுச் சிற்றாலயங்களிலும் பங்குக் கோயில்களிலும் வீடுகளிலும் பாடப்பட்ட ஞானப்பாட்டுகளின் மெட்டுகளையும் விவிலியச் சங்கீதங்களின் மெட்டுகளையும், பாடியவர்களே தங்கள் பயன்பாட்டுக்காகக் கையால் எழுதி வைத்துக்கொண்ட புத்தகங்களையே இங்கே குறிக்கிறோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை எழுதப்பட்டவையே மிகுதி. இவற்றில் பல, சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சிறியவை. உயரத்தைவிட அகலம் கூடியவை. ஐந்து கோடுகளையும் எழுதியவரே இழுத்திருப்பார், ஆகவே கோடுகள் சில பக்கங்களில் சாய்ந்து ஓடும்.

இவற்றை எழுதியவர்களில் மிகச் சிலரே இசையமைப்பாளர்கள். பலர் சிற்றாலயத்தில் பாட்டை எடுத்துக்கொடுப்பவர்கள். அந்தப் பொறுப்புக்கு வேல்ஸ் மொழியில் வழங்கும் பெயருக்கு ‘பாட்டை எழுப்புபவர்’ என்று பொருள். ஆர்கனோ வேறு கருவியோ இல்லாத அவையில் சுருதியைப் பிடித்து, இன்ன செய்யுளுக்கு இன்ன மெட்டு என்று அந்த நொடியில் முடிவெடுத்து, சபை முழுவதையும் தன் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டியவர் அவர். அவருடைய கருவிப்பெட்டி இந்தப் புத்தகம். இதைக் கலைப்படைப்பாகக் கருதி அணுகுபவர்கள் ஏமாந்து போவார்கள் என்பது என் எண்ணம். தச்சரின் அளவுகோலைப் பார்ப்பதுபோல் பார்த்தால் இது நிறையப் பேசும்.

அச்சு வந்து நெடுங்காலம் ஆன பிறகும் ஏன் கையால் எழுதினார்கள்?

வேல்ஸ் மொழி அச்சில் சொல் முன்னே சென்றது, இசை வெகு பின்தங்கி வந்தது. முழு விவிலியம் 1588இல் வில்லியம் மோர்கனின் மொழிபெயர்ப்பில் அச்சாகிவிட்டது. மெரியொனெத் பகுதியின் ஆர்ச்டீக்கனாக, அதாவது ஆயருக்கு அடுத்த நிலைக் குருவாக, இருந்த எட்மண்ட் ப்ரீஸ் செய்யுளாக்கிய சங்கீதங்கள் 1621இல் வெளிவந்தன. அவற்றோடு 12 மெட்டுகள் அச்சாயின. வேல்ஸ் மொழிச் சொற்களோடு இசைக்குறியீடு அச்சேறியது அப்போதுதான். அதன் பிறகு நீண்ட இடைவெளி. இசையை அச்சுக் கோப்பது செலவு மிக்க வேலை; வாங்குவோரும் குறைவு.

இதற்கிடையே 1731 அளவில் லான்டௌரோர் ஊரின் போதகர் கிரிஃபித் ஜோன்ஸ் தொடங்கிய சுழற்சிப் பள்ளிகள், ஓர் ஊரில் சில மாதங்கள் தங்கி, உழவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் விவிலியத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்தன. எழுத்தறிந்த பெருங்கூட்டம் ஒன்று அவ்வாறு உருவானது, ஆனால் இசைக்குறியீடு அறிந்த கூட்டம் உருவாகவில்லை. 1735 முதல் எழுந்த மெத்தடிஸ்ட் எழுச்சியில் பன்டிகெலின் வில்லியம் வில்லியம்ஸ் (1717–1791) போன்றோர் நூற்றுக்கணக்கில் ஞானப்பாட்டுகளை எழுதியபோது சொற்கள் மட்டுமே மலிவான சிறு நூல்களாக அச்சாயின. மெட்டு காதிலிருந்து காதுக்குப் போயிற்று. காதுக்கு எட்டாத தொலைவிலிருந்து ஒரு மெட்டு வேண்டுமென்றால், வைத்திருப்பவரிடம் சென்று படியெடுத்து வருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இவற்றுக்கு முந்தைய, இன்னும் பழைய சுவடிகள் உண்டா?

உண்டு, ஆனால் மிகக் குறைவு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பென்பான்ட் ஆன்டிஃபனரி என்ற இலத்தீன் வழிபாட்டுச் சுவடி, வேல்ஸின் காவல் புனிதரான தாவீதின் திருநாள் வழிபாட்டுக்குரிய பாடல்களை இசைக்குறியீட்டோடு தருகிறது. அது இப்போது அபெரிஸ்ட்வித் நகரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பாங்கர் பேராலயத்துக்குரிய பான்டிஃபிகல் என்ற ஆயர் வழிபாட்டுச் சுவடி இன்னொன்று. சமயச் சீர்திருத்த காலத்தில் இலத்தீன் வழிபாட்டு நூல்கள் பெருமளவில் அழிக்கப்பட்டதால் எஞ்சியவை இவ்வளவே. இந்த இலத்தீன் சுவடிகளுக்கும் 18ஆம் நூற்றாண்டுப் பையடக்கப் புத்தகங்களுக்கும் நேரடி மரபுத் தொடர்ச்சி கிடையாது. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது வசதியான பிழை.

பல புத்தகங்களில் பாடல் வரிகளே இல்லையே, எதைப் பாடினார்கள்?

மெட்டு ஒரு செய்யுளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை, ஒரு செய்யுள் வடிவத்துக்கு உரியதாக இருந்தது. எட்டும் ஆறுமாக அசைகள் மாறி வரும் நாலடிப் பா ‘பொது அளவு’. நான்கடியும் எட்டசையாக வருவது ‘நீள் அளவு’. எட்டும் ஏழுமாக வரும் எட்மண்ட் ப்ரீஸின் வடிவம் ‘சங்கீத அளவு’. இவற்றின் முதலெழுத்துகளை மட்டும் மெட்டின் தலையில் எழுதிவிட்டால் போதும். அந்த அளவில் அமைந்த எந்தச் செய்யுளையும் அதில் பாடலாம். ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று தலைப்பில் குறிப்பிடும் நம் கீர்த்தனைப் புத்தகங்களின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே ஒரு மெட்டுக்கு நூறு செய்யுள்கள் பொருந்தும் என்பதால், எதை எதனோடு சேர்ப்பது என்ற தேர்வே பாட்டை எடுத்துக்கொடுப்பவரின் திறமையாக இருந்தது. சில புத்தகங்களின் ஓரங்களில் பென்சிலால் குறித்த முதலடிகள் காணப்படும். மெட்டைவிட அந்தக் குறிப்புகளைத்தான் நான் முதலில் தேடுவேன், ஏனெனில் எந்தச் சொற்கள் எந்த இசையோடு உண்மையில் சேர்ந்தன என்பதற்கு அவையே நேர்ச்சான்று.

மேல்வரியை வாசித்துப் பார்த்தேன். தெரிந்த மெட்டாகவே இல்லை. பெயர் தவறாக எழுதப்பட்டிருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் தவறான வரியை வாசித்திருக்கிறீர்கள். பழைய புத்தகங்களில் மூன்று அல்லது நான்கு குரல்களுக்கு எழுதியிருந்தால், முதன்மை மெட்டு டெனார் வரியில், அதாவது ஆண்களின் மேற்குரலில் இருக்கும். அதற்கு மேலே எழுதியிருப்பது துணைக்குரல். முதன்மை மெட்டு பெண்களின் மேற்குரலுக்கு மாறியது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே உறுதிப்பட்டது. பேஸ் வரிக்கு, அதாவது ஆண்களின் கீழ்க்குரல் வரிக்கு, நேர் மேலே உள்ள வரியை வாசித்துப் பாருங்கள்; பல நேரங்களில் பழகிய மெட்டு உடனே எழுந்து நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘லெத்’ எனப்படும் மைனர் சாயலில் அமைந்த மெட்டுகள் வேல்ஸில் மிகுதி. அவற்றின் ஈற்றில் ஆதார சுரத்துக்கு முந்தைய சுரத்தை அரைப்படி உயர்த்துவதா வேண்டாமா என்பதை எழுதியவர் பெரும்பாலும் குறிப்பதில்லை. எழுதாமலே உயர்த்திப் பாடினார்களா, எழுதியபடியே தாழ்த்திப் பாடினார்களா என்பதை ஏடு மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் கூசாமல் உயர்த்திவிட்டார்கள். பழைய நாட்டுப்பாடல்களின் சாயல் உள்ள மெட்டுகளில் உயர்த்தாமல் பாடுவதே பொருத்தம் என்பது என் சார்பு.

முகப்பில் எழுதியுள்ள பெயர் இயற்றியவரின் பெயர்தானா?

அது புத்தகத்தின் உடைமையாளர் பெயர். அவர் உள்ளே இருக்கும் ஒரு மெட்டையேனும் இயற்றியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வேறுபாட்டை மறப்பதால் விளையும் குழப்பங்கள் ஏராளம்.

நல்ல எடுத்துக்காட்டு ‘லான்வைர்’ என்ற மெட்டு. ஆங்கில ஞானப்பாட்டு நூல்களில் இன்றும் உயிர்த்தெழுதல், விண்ணேற்றத் திருநாள்களில் பாடப்படுவது. ஆங்கில்ஸி தீவில் மைனித் இதெல் என்ற இடத்தில் வாழ்ந்த, கண்பார்வையற்ற, கூடை முடைந்து பிழைத்த ராபர்ட் வில்லியம்ஸின் பெயரில் இது வழங்குகிறது. அவருடையதாகக் கருதப்படும் கையெழுத்துப் புத்தகத்தில் 1817 ஜூலை 14 என்ற நாளோடு இது காணப்படுவதே அந்தக் கருத்துக்கு அடிப்படை. இதற்கு முன்னர் வழங்கிய பெயர் ‘பெத்தேல்’. 1837இல் ஜான் பாரியின் தொகுப்பில் அச்சேறியது. வேறு சான்று குறைவு என்பதால்தான் கவனமுள்ள நூல்கள் ‘இயற்றியவர்’ என்று அறுதியிடாமல் ‘அவருடையதாகக் கொள்ளப்படுவது’ என்று எழுதுகின்றன. நாளிட்ட ஏடு ஒன்று நமக்கு உறுதியாகச் சொல்வது, அந்த நாளில் அந்த மெட்டு இருந்தது என்பதை மட்டுமே.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ‘டோன்-இ-போடெல்’, அதாவது ‘போத்தல் மெட்டு’ என்று ஆங்கிலேயரிடையே பெயர் பெற்ற மெட்டு, கடலில் மிதந்து வந்த போத்தலுக்குள் இருந்து கிடைத்தது என்று ஒரு புனைகதை உலவியது. உண்மையில் அது தாமஸ் ஜான் வில்லியம்ஸ் (1869–1944) இயற்றியது. முறையான பெயர் ‘எபெனேசர்’. யாருடையது என்று தெரியாத மெட்டைவிட, தெரிந்தும் யாரும் கேட்டுப் பார்க்காத மெட்டுக்குத்தான் கட்டுக்கதை எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரே மெட்டு வெவ்வேறு புத்தகங்களில் வெவ்வேறு பெயரில் வருவது ஏன்?

மெட்டுகளுக்கு ஊர், சிற்றாலயம், பண்ணை ஆகியவற்றின் பெயரை வைப்பது வேல்ஸ் வழக்கம். படியெடுத்தவர் தாம் எங்கே கேட்டாரோ அந்த ஊரின் பெயரை எழுதினால் மெட்டுக்கு இரண்டாவது பெயர் பிறந்துவிடும். ஆங்கில நாட்டிலிருந்து வந்த மெட்டுகளும் வேல்ஸ் பெயர் பூண்டு உட்கார்ந்திருக்கும். எனவே பெயரை வைத்துத் தேடாமல், முதல் எட்டு அல்லது பத்து சுரங்களை எண்களாக்கி ஒப்பிட்டுத் தேடுவதே நம்பகமான வழி.

நாளிடாத புத்தகத்தின் காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள். 1794ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் விளைவாக, பிரிட்டனில் செய்யப்பட்ட தாள்களில் ஆண்டையும் நீர்க்குறியாக இடும் பழக்கம் பரவியது. தாளின் ஆண்டு தெரிந்தால், எழுத்து அதற்கு முந்தையதாக இருக்க முடியாது என்பது உறுதியாகிவிடும். எவ்வளவு பிந்தையது என்பது வேறு கேள்வி.

அடுத்தது குறியீட்டு முறை. கோடுகளும் புள்ளிகளும் இல்லாமல் எழுத்துகளால் சுரங்களைக் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறை, இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பியது. எலியாசர் ராபர்ட்ஸின் முயற்சியால் 1860களின் தொடக்கத்திலிருந்து வேல்ஸில் வேரூன்றியது. ஆகவே சோல்ஃபா எழுத்துகள் உள்ள பக்கத்தை அதற்குப் பிந்தையதாகக் கொள்ளலாம். ஆதார சுரத்தை எந்தச் சுருதியிலும் நிறுத்திக்கொண்டு பாடும் முறை அது. சட்சமத்தை அவரவர் குரலுக்கேற்ப வைத்துப் பாடிப் பழகிய நமக்கு ஐந்து கோட்டு முறையைவிட அது எளிதில் பிடிபடும். சுரங்கத் தொழிலாளர்களும் கல்லுடைப்பவர்களும் நான்கு குரல் இசையைப் பார்த்துப் பாடக் கற்றதற்கு இந்த முறையே பெருங்காரணம். ஒரே புத்தகத்தின் முன்பாதி கோடுகளிலும் பின்பாதி எழுத்துகளிலும் இருந்தால், அது தந்தையிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறியிருக்கக்கூடும்.

ப்ளகைன் கரோல் புத்தகங்கள் இவற்றிலிருந்து வேறுபட்டவையா?

மிகவும் வேறுபட்டவை, கையெழுத்து மரபு இன்னும் உயிரோடு இருக்கும் இடமும் அதுவே. ப்ளகைன் என்பது கிறிஸ்துமஸ் நாளின் விடியலுக்கு முன், மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்த வழிபாடு. சேவல் கூவும் நேரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இப்போது பெரும்பாலும் மாலையில், கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் நடக்கிறது. மான்ட்கமரிஷயர் பகுதியிலும் அதன் எல்லைப்புறங்களிலும், லான்ரையாதர்-அம்-மொக்னன்ட் போன்ற ஊர்களிலும் வலுவாக நிலைத்திருக்கிறது.

சுருக்கமான வழிபாடு முடிந்ததும் ‘ப்ளகைன் இப்போது திறந்திருக்கிறது’ என்ற பொருளில் போதகர் அறிவிப்பார். பிறகு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒரு குடும்பமோ மூன்று நான்கு பேர் கொண்ட குழுவோ எழுந்து முன்னே வந்து, சுருதிக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்துவிட்டு, கருவித்துணையின்றிப் பாடிவிட்டுத் திரும்பும். கைதட்டல் கிடையாது. அன்று ஒருவர் பாடிய கரோலை மற்றவர் பாடக்கூடாது என்பது எழுதாத சட்டம். ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் கையிருப்பு பெரிதாக இருந்தாக வேண்டும், அந்தக் கையிருப்பே குடும்பப் புத்தகம். தாத்தா எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பேத்தி சேர்த்த கரோல் இருக்கும். முடிவில், பாட வந்த ஆண்கள் அனைவரும் சேர்ந்து ‘விருந்துக் கரோல்’ பாடுவார்கள்.

இந்தப் புத்தகங்களில் மேற்சொன்ன மெட்டுப் புத்தகங்களுக்கு நேர்மாறாகச் சொற்களே நிறைந்திருக்கும். இசை வெறும் மெட்டுப்பெயராக நிற்கும், அதுவும் பல நேரம் கள்ளுக்கடைப் பாட்டின் பெயராக. கரோல்கள் நீளமானவை: ஆதாமின் வீழ்ச்சியில் தொடங்கி, பிறப்பைத் தொட்டு, சிலுவையையும் உயிர்ப்பையும் கடந்து, கேட்பவரை மனந்திரும்பச் சொல்லி முடியும். பத்துப் பதினைந்து பத்திகள் வருவதுண்டு. சொல்லடுக்கோ, நம் எதுகை மோனையையும் மிஞ்சும் அளவுக்கு மெய்யெழுத்து ஒலிகளை அடிதோறும் எதிரொலிக்க வைப்பது. புனித பாகன்ஸில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ராய் செயர் 1960கள் தொடங்கி ஒலிப்பதிவு செய்திராவிட்டால், பெயர் மட்டும் எழுதப்பட்ட பல மெட்டுகள் எவை என்று இன்று நமக்குத் தெரியாமல் போயிருக்கும். ஏடு பாதியை மட்டும் காக்கும். மறுபாதி தொண்டையில் இருக்கிறது.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று, டெய்வி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பாடப்பட்ட ‘ஹல்சிங்கோட்’ என்ற சமயப் பாடல்கள். அவை பெரும்பாலும் அச்சேறாமல் கையெழுத்திலேயே தங்கின.

ஆன் கிரிஃபித்ஸின் கையெழுத்து ஏதேனும் எஞ்சியிருக்கிறதா?

இசையைவிடச் சொல்லைப் பற்றிய கேள்வி இது. ஆயினும் அடிக்கடி வருகிறது. டோல்வர் வாக் பண்ணையில் பிறந்து 1805இல், 30 வயதை எட்டும் முன்னே இறந்த ஆன் கிரிஃபித்ஸின் பாடல்கள் வேல்ஸ் மொழியின் உச்சங்களுள் வைத்து எண்ணப்படுபவை. அவர் தம் கையால் எழுதியதாக எஞ்சியிருப்பது ஒரே ஒரு கடிதம், அதில் ஒரே ஒரு பாடற்பத்தி. எழுபதுக்கு மேற்பட்ட மற்றப் பத்திகளை, அவர் வீட்டில் பணிசெய்த ரூத் எவன்ஸ் நினைவிலிருந்து சொல்ல, ரூத்தின் கணவரான போதகர் ஜான் ஹியூஸ் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். 1806இல் அவை திருத்தங்களோடு அச்சாயின. பாடி மனத்தில் பதித்துக்கொண்ட ஒரு பணிப்பெண்ணின் நினைவும் இரண்டு மூன்று குறிப்பேடுகளும் இல்லையேல், அந்தப் பெயரே நமக்குக் கிடைத்திருக்காது.

மெட்டுகளைத் திட்டமிட்டுத் திரட்டியவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். அவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ‘இவோர் கெரி’ என்ற புனைபெயர் கொண்ட ஜான் ஜென்கின்ஸ் (1770–1829). கெரி ஊரின் ஆங்கிலிக்கன் குரு. வட்டார ஐஸ்டெத்வோட் கலைவிழாக்களுக்குப் புத்துயிர் கொடுத்த குருமார்களில் ஒருவர். ‘வேல்ஸின் இன்னொலிகள்’ என்று பொருள்படும் தலைப்பிட்ட அவருடைய கையெழுத்துத் தொகுப்பில் நாட்டுப்பாடல்களும் வழிபாட்டு மெட்டுகளும் கலந்தே கிடக்கின்றன. பின்வந்தவர்கள் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். பாடிய மக்களோ ஒரே மெட்டில் காதலையும் மீட்பையும் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இவோர் கெரியின் கலவையே சாட்சி. 20ஆம் நூற்றாண்டில் இந்த ஏடுகளின் மதிப்பை உணர்த்தியவர்களில் தாவரவியலாளரும் இசை ஆர்வலருமான ஜே. லாய்ட் வில்லியம்ஸ் முக்கியமானவர். செடிகளைத் திரட்டிய அதே பொறுமையோடு பாட்டையும் திரட்டினார்.

அச்சு நூல்கள் பெருகியபின் இந்தப் புத்தகங்களுக்கு மதிப்பு இல்லையா?

அப்போதுதான் மதிப்பு கூடுகிறது. ‘யேயன் குவில்ட்’ என்ற பெயரில் அறியப்பட்ட ஜான் ராபர்ட்ஸ் (1822–1877) 1859இல் வெளியிட்ட சபை மெட்டுநூல் வேல்ஸின் பாட்டையே மாற்றியது. அவர் கண்டிப்பானவர். குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஆரவார மெட்டுகளையும் வளைவு நெளிவு மிகுந்தவற்றையும் தள்ளிவிட்டு, ஜெர்மானியச் சபைப் பாடல்களைப் போன்ற நிதானமான, கனமான மெட்டுகளை முன்வைத்தார். அதே ஆண்டில் அபெர்டேரில் அவர் நடத்திய பாடல் கூடுகை, ‘கமன்வா கனி’ என்ற பெரும் பாட்டு விழா மரபுக்கு வழிகாட்டியது. அவரது சுவை உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அச்சு நூல் சொல்வது, சபை எதைப் பாடவேண்டும் என்று ஒரு பதிப்பாசிரியர் விரும்பினார் என்பதை. கையெழுத்துப் புத்தகம் சொல்வது, சபை எதைப் பாடிற்று என்பதை. அவர் தள்ளிய மெட்டுகள் அழுக்கேறிய பக்கங்களில் இன்னும் இருக்கின்றன. பக்கத்தின் மூலை எந்த அளவுக்குக் கறுத்திருக்கிறதோ அந்த அளவுக்கு அது விரும்பப்பட்டது.

எங்கே பார்க்கலாம்? படியெடுத்து வெளியிடலாமா?

முதல் இடம் வேல்ஸ் தேசிய நூலகம். அதன் சுவடி எண்ணின் ஈற்றில் வரும் எழுத்து அளவைக் காட்டும்: ‘ஏ’ என்பது சிறியது, ‘ஈ’ என்பது பெரியது. பையடக்கப் புத்தகங்களைத் தேடுபவர்கள் ‘ஏ’ வரிசையில் தொடங்கலாம். பாங்கர் பல்கலைக்கழக ஆவணக் காப்பகமும் மாவட்ட ஆவணக் காப்பகங்களும் அடுத்தவை.

வெளியிடுவதில் ஒரு பொறி உண்டு. பிரிட்டிஷ் சட்டப்படி, 1969க்கு முன் இறந்த, பெயர் அறியப்பட்ட ஒருவரின் இசைப்படைப்பு 1989 வரை வெளியிடப்படாமலே இருந்திருந்தால், எத்தனை பழையதானாலும் அதன் பதிப்புரிமை 2039 இறுதி வரை நீளக்கூடும். காப்பகத்தைக் கேட்காமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

இந்தியாவோடு ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு, வடகிழக்கே இன்றைய மேகாலயத்தின் காசி (Khasi) மலைகளில். 1841இல் சிரபுஞ்சிக்கு வந்த வேல்ஸ் மெத்தடிஸ்ட் ஊழியர் தாமஸ் ஜோன்ஸ், வேல்ஸ் மொழியின் எழுத்துமுறையைத் தழுவி ரோமன் எழுத்தில் காசி மொழியை எழுத வழிசெய்தார். சொல்லோடு மெட்டும் வந்தது. மேகாலயத்துச் சபைகளில் வேல்ஸ் மெட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. அந்தத் திருப்பணியின் ஆவணங்களும் அபெரிஸ்ட்விதில் உள்ளன.

இப்படியொரு புத்தகம் என் கைக்குக் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

ஒட்டுநாடா போடாதீர்கள். பிரிந்த தாள்களை மெட்டுப்பெயர் வரிசையில் அடுக்காமல், கிடைத்த வரிசையிலேயே எண்ணிட்டு வையுங்கள். நடுவே செருகியிருக்கும் துண்டுச்சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் குறியுங்கள். யார் வீட்டிலிருந்து, எந்தச் சிற்றாலயத்தைச் சேர்ந்தவரிடமிருந்து வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். அந்த ஒரு வரி இல்லாத புத்தகங்கள்தான் காப்பகங்களில் ஊமையாகக் கிடப்பவை. பென்சில் குறிகளை அழிக்க வேண்டாம். தாளின் மீது உறைந்திருக்கும் மெழுகுத் துளியைச் சுரண்டவும் வேண்டாம். அது எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே உள்ள மெட்டின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.